இரண்டு வீட்டுக்கு ஒரு அடுப்பு

சுகாதார இன்ஸ்பெக்டர் சமையலறையை நாடாவால் அளந்தார். நீளம் ஆறடி. அகலம் ஐந்தடி. உள்ளே இரண்டு செங்கல் அடுப்புகள். அவற்றுக்கு நடுவே தரையில் ஒரு சுண்ணாம்புக்கோடு.

"இது என்ன கோடு?"

பதிலுக்கு இன்ஸ்பெக்டர் காத்திருக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.

"பலகைச் சுவர். ரெண்டு விறகடுப்பு. பத்தினா மாடி முழுக்கப் போயிடும். வாற புதன்கிழமை திரும்ப வருவன். ஒரு அடுப்புத்தான் இருக்க வேணும். விறகு கூடாது. விளங்குதே?"

அது 1933ஆம் ஆண்டு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சீனக் கடைவீட்டின் மாடி. முன்னறையில் இராமலிங்கமும் மனைவி வள்ளியம்மாவும் குடியிருந்தார்கள். பின்னறையில் சின்னையாவும் மனைவி வீரம்மாவும். ஆண்கள் இருவருக்கும் ரயில்வே யார்டில் வேலை. இராமலிங்கம் பார்சல் ஆபீஸ் கிளார்க். சின்னையா வண்டிகளுக்குக் கொக்கி மாட்டுபவர். காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும்போது இருவரும் கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஆறரைக்குள் இரண்டு வீட்டுச் சோறும் வெந்தாக வேண்டும்.

கோடு வள்ளியம்மா போட்டது. மழை நாளில் அழியும். மறுநாள் புதிதாகப் போடுவாள். சின்னையாவின் சாதிதான் காரணம். வாடை காரணமில்லை. இரண்டு வீட்டிலும் கருவாடு உண்டு. திங்கட்கிழமை ஒரே கூடைக்காரியிடம்தான் வாங்கினார்கள்.

மாலையில் வீட்டுக்காரரான சீன முதலாளி, தவுக்கே, ஆளனுப்பினார். ஒரு அடுப்பில் இரண்டு குடும்பமும் சமைக்க முடியாவிட்டால் ஒரு குடும்பம் போதும். பின்னறை காலி செய்யட்டும்.

சின்னையா தலையாட்டினார். இந்த அறைக்கு முன் பதினோரு வீட்டில் கேட்டிருந்தார். பதினொன்றிலும் ஊர் கேட்டார்கள், தெரு கேட்டார்கள், பிறகு அறை இல்லை என்றார்கள். தவுக்கே மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர்.

"அவங்க போகட்டும்னு நான் சொல்லல," என்றாள் வள்ளியம்மா புருஷனிடம், குரலைத் தாழ்த்தி. "ஆனா அவ சட்டி வச்ச அடுப்புல நான் சட்டி வைக்கிறதா?"

"முதல்ல நீ ஆக்கிடு. பொறவு அவங்க."

"மணி ஆறரை ஆகிடும். பின்னறைக்காரரு பட்டினியா போவாரா?"

"அப்ப அவங்க முதல்ல ஆக்கட்டும்."

"ஏங்க!"

இராமலிங்கம் சண்டை பிடிக்கிறவர் அல்ல. ஆனால் இயந்திரம் என்றால் அவருக்கு ஆசை. பார்சல் ஆபீஸுக்கு வரும் பெட்டிகளின் மேல் ஒட்டிய படங்களையெல்லாம் நின்று பார்ப்பார். உலகத்தில் இத்தனை கண்டுபிடித்திருக்கிறார்கள், இதற்கு மட்டும் ஒன்று இல்லாமலா போகும் என்று நினைத்தார். அடுப்பு தேடப் புறப்பட்டார்.

வியாழக்கிழமை பத்து ரோடு என்னும் தெருவில் ஒரு பெரிய கடை. அங்கே ஆங்கிலேய வீடுகளுக்கான மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. மூன்று திரி, பக்கத்தில் ரொட்டி சுடும் பெட்டி, நான்கு கால். நாலடி அகலம். மூன்று பானை ஒரே சமயத்தில் வைக்கலாம். இராமலிங்கம் குனிந்து ஒவ்வொரு திரியையும் திருகிப் பார்த்தார். அதை வீட்டில் வைத்தால் வள்ளியம்மா மாடிப்படியில் நின்றுதான் கரண்டி பிடிக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு பம்ப் அடுப்பு. கையளவு. கடைக்காரர் காற்றடித்துப் பற்ற வைத்தார். நீலச்சுடர். யார்டில் எஞ்சின் கிளம்புவதுபோல் இரைந்தது. அதற்குமேல் ஒரு பானைதான் நிற்கும்.

வெள்ளிக்கிழமை பெட்டாலிங் ஸ்ட்ரீட் தகரக்காரரிடம் போனார். சீனர். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கரியடுப்பு செய்பவர். முழங்கால் உயரம், உள்ளே களிமண் பூச்சு. இராமலிங்கத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"உள்ள நடுவுல ஒரு தடுப்பு வைக்க முடியுமா? அந்தப் பக்கம் ஒரு பானை, இந்தப் பக்கம் ஒரு பானை?"

தகரக்காரர் டின்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு நெருப்பா? அப்ப ரெண்டு அடுப்பு லா."

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே பாஸில் கிள்ளானுக்குப் போனார். அங்கே ஒரு கடையில் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன எரிசாராய அடுப்பு ஒன்று இருந்தது. மடித்தால் புத்தகம் அளவு. காப்பி போட உதவும். திரும்பும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை ஜாவா ஸ்ட்ரீட்டில் ஜெய்னுதீன் கடையில் அது கிடைத்தது.

பித்தளை உருளை. இடுப்பு உயரம். அடியில் ஒரு கைப்பிடி கரி போடும் தட்டு. அதன்மேல் தண்ணீர். அதற்குமேல் நான்கு பெட்டிகள் அடுக்காக. ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் அடியிலும் சின்னத் துளைகள். ஆவியிலேயே எல்லாம் வேகும். கல்கத்தாவிலிருந்து வந்தது.

"புகை?"

"இல்ல."

"இடம்?"

"ஒரு முக்காலி போடுற இடம் போதும் தம்பி. பத்த வச்சுட்டு நீங்க படுத்துத் தூங்கலாம். தீயாது, பொங்காது."

"நாலும் ஒண்ணா வேகுமா?"

"ஒண்ணா வேகும்."

இரண்டு பெட்டி நமக்கு, இரண்டு பெட்டி அவர்களுக்கு. ஒரே நெருப்பு. தனித்தனிப் பாத்திரம். இராமலிங்கம் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வரை நடந்தார். வழியில் மூன்று பேர் அது என்ன என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் நின்று விளக்கினார்.

வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சின்னையா உருளையைத் தட்டிப் பார்த்தார். "நம்ம எஞ்சின் பாய்லர் மாதிரியே இருக்கு சார்," என்றார். வீரம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"நம்மது மேல," என்றாள் வள்ளியம்மா.

"சரி. ஆவி அடியிலேருந்து கிளம்பி இந்தத் துளை வழியா ஒவ்வொண்ணா ஏறும்," என்று இராமலிங்கம் உற்சாகமாகச் சொன்னார்.

வள்ளியம்மா யோசித்தாள்.

"அவ சோத்துல பட்ட ஆவி நம்ம சோத்துக்கு வருமா?"

"வரும்."

"அப்ப நம்மது கீழ."

இராமலிங்கம் வெறும் தண்ணீர் வைத்துப் பற்ற வைத்தார். கால் மணி கழித்து அடுக்கைத் திறந்தார். மேல்பெட்டியின் அடியில் முத்துமுத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பெட்டியில் சொட்டியது.

சின்னையா மெல்லப் பின்னறைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் இராமலிங்கம் மறுபடி ஜாவா ஸ்ட்ரீட்டுக்கு ஓடினார்.

"பாய், ரெண்டாவது பெட்டிக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒரு தகடு பத்த வச்சுத் தரணும்."

"துளைய அடைச்சா ஆவி எப்படிப் போகும்? மேல உள்ளது அரிசியாவே கெடக்கும்."

"ஆவி போகணும். ஆனா கலக்கக் கூடாது."

ஜெய்னுதீன் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருஷமாக அடுப்பும் விளக்கும் விற்கிறவர். இப்படி ஒரு கோளாறை அவர் கேட்டதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"ஏன் கலக்கக் கூடாது? சொல்லுங்க, செய்ய முடியுமான்னு பாக்குறேன்."

இராமலிங்கம் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே சொல். வீட்டுக்குள் அது சாதாரணமாக இருந்தது. இங்கே, தெருவைப் பார்த்த கடையில், வெளிச்சத்தில், அவருக்கு அது வரவில்லை.

"ஒண்ணும் இல்ல பாய்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மாடியேறும்போது பின்னறையில் சட்டி பானைகளைக் கோணிப்பையில் போடும் ஓசை கேட்டது.

"தகடு வச்சுத் தாராரா?" என்றாள் வள்ளியம்மா.

"எதுக்குன்னு கேட்டாரு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் வரல. நீ சொல்லிப் பாரு வள்ளி. எனக்கே சொல்லு. எதுக்குத் தகடு?"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓசை நின்றது. வள்ளியம்மா சுவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சொல்லவில்லை.

வீரம்மா முன்னறை வாசலுக்கு வந்தாள். கையில் கோணிப்பை.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

வள்ளியம்மா தலையசைத்தாள்.

"மேல வைக்கிறதா கீழ வைக்கிறதான்னு நேத்துலேருந்து பேசுறீங்க. எங்க ஆவி உங்க சோத்துல ஏறக் கூடாது. எங்க தண்ணி உங்க சோத்துல சொட்டக் கூடாது. சரி. உங்க தண்ணி எங்க சோத்துல சொட்டுனா எங்களுக்குச் சம்மதமான்னு கேட்டீங்களா?"

வள்ளியம்மாவுக்கு அது புதிதாக இருந்தது. உண்மையைச் சொன்னாள்.

"கேக்கணும்னு தோணல."

"அதான்க்கா. அடுப்பு என்னா செய்யும்?"

இராமலிங்கம் எழுந்து நின்றார். "இப்பக் கேக்குறேன்மா. சம்மதமா?"

வீரம்மா பின்னறைப் பக்கம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சின்னையா தரையில் உட்கார்ந்திருந்தார். நீயே சொல் என்பதுபோல் கையைக் காட்டினார்.

"ஒரு நாள் உங்கது மேல. ஒரு நாள் எங்கது மேல. மாத்தி மாத்தி. அதுக்கு ஒத்துக்கிட்டா இருக்கோம். இல்லன்னா காலைல கிளம்புறோம். வேற வீடு கெடைக்கிற வரைக்கும் யார்டு ஓரத்துல கெடந்துக்குவோம்."

கோணிப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பிரிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு வீரம்மா எழுந்து வந்தபோது வள்ளியம்மா சமையலறையில் இருந்தாள். கரியில் நெருப்புப் பிடித்திருந்தது. தண்ணீர் கொதித்தது. நான்கு பெட்டிகளும் கழுவித் தரையில் வரிசையாக இருந்தன. அவள் எதையும் அடுக்கவில்லை.

"அரிசி கொண்டா வீரம்மா," என்றாள். "மொத நாளு உங்கது மேல இருக்கட்டும்."

ஆறு இருபதுக்கு எல்லாம் வெந்திருந்தது. வள்ளியம்மா தன் பெட்டியைத் திறந்தாள். சோற்றின்மேல் இரண்டு மூன்று சொட்டு ஈரம். கொஞ்ச நேரம் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். புருஷனுக்கு வைத்தாள். தனக்கும் வைத்துக்கொண்டாள். சோறு சோறாகத்தான் இருந்தது.

மாலையில் ஆண்கள் வேலையிலிருந்து வந்த பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். செங்கல் அடுப்புகளைக் காணவில்லை. மூலையில் நின்ற பித்தளை உருளையைச் சுற்றி வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல சாமான். இடமும் பிடிக்காது. ரெண்டு குடும்பத்துக்கும் இது காணுமே?"

"போதும் சார்," என்றார் இராமலிங்கம்.

"இதைத் தேடிப் பிடிக்கக் கனகாலம் எடுத்திருக்குமே?"

இராமலிங்கம் சின்னையாவைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு வாய் வந்தது.

"அஞ்சு நாளு சார். இதத் தேடல. சாதியையும் வச்சுக்கிட்டுச் சோறும் ஆக்குற அடுப்பு ஒண்ணத் தேடுனேன். கோலாலம்பூர்லயும் இல்ல, கிள்ளான்லயும் இல்ல. சின்ன வீட்டுக்குச் சின்ன சாமான் வாங்குனாப் போதும்னு நெனச்சேன். முதல்ல வெளிய தூக்கிப் போட வேண்டியது எதுன்னு இப்பதான் தெரிஞ்சுது."