வெளியே போகாத உப்பளம்

டாக்டரம்மா வம்சத்தைப் பற்றிக் கேட்டதும் தட்சணாமூர்த்திக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி சின்னதாகிப் போனது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இத்தனை மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்று வயதுப் பேத்தி தமிழ்நிலாவுக்குக் காது ஏன் கேட்கவில்லை என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். குழந்தை, மூத்த மகள் மலர்கொடியின் மடியில் இருந்தது.

"எழுதிக்குங்க. எங்கப்பா கட்டினது சொந்த அக்கா பொண்ண. நான் கட்டினது அத்த பொண்ண. இவளக்கூட என் மச்சானுக்கே குடுத்தேன், தாய்மாமனுக்கு. மரக்காணத்துல விசாரிச்சுப் பாருங்க, மூணு தலைமுறையா உப்பளத்துல ஒரு பாத்தி வெளிய போகல."

டாக்டர் தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டு, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரட்டைக் கோடு இழுத்தார். மற்றவர்களுக்கு ஒற்றைக் கோடுதான் போலிருக்கிறது என்று தட்சணாமூர்த்தி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். கிளியனூரிலிருந்து வந்த வரனை 'வெளி ரத்தம்' என்று காபிகூடக் கொடுக்காமல் அனுப்பியதையும் சொல்லலாமா என்று யோசித்தார். மலர்கொடிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வேண்டியதில்லை.

"சொந்தத்துல கட்டியிருந்தா ரெட்டைக் கோடு போடுவோம்ங்க," என்றார் டாக்டர். "இந்தக் குறை மூதாதை யாரோ ஒருத்தர்கிட்டருந்து வந்திருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் குடுத்தாத்தான் கொழந்தைகிட்ட அது வெளிப்படும். வெளிய கட்டியிருந்தா அநேகமா மறைஞ்சே போயிருக்கும்."

கால் தானாக இறங்கியது.

மலர்கொடி நிமிராமல் கேட்டாள்: "உப்பளம் மட்டும்தான் வெளிய போகலன்னு நெனச்சியாப்பா?"

"வீட்ல வேற கல்யாணம் எதுனா பேசியிருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

அவர் ஃபேனைப் பார்த்தார். மலர்கொடிதான் சொன்னாள்: "தங்கச்சி நிவேதாவுக்கு, அடுத்த மாசம். எங்க அத்த பையன்தான்."

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊரே பார்க்கத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. கூடப்பிறந்தவளிடம் போய் உன் பிள்ளையின் ரத்தத்தைக் காட்டு என்று எந்த வாயால் கேட்பது? வெளி ரத்தத்தைப் பற்றித்தான் அந்த வாய்க்குப் பேசிப் பழக்கம்.

"நீ சொல்றியா, நானே சொல்லிடட்டுமா?" என்றாள் மலர்கொடி.

போன் அடித்தது. அவர் தங்கை செல்லம்மாள், மாப்பிள்ளைப் பையனின் அம்மா. புடவை எடுக்க எப்போது கிளம்புவது என்று கேட்பாள். அவர் எடுக்கவில்லை. தமிழ்நிலா எட்டி அதைப் பிடுங்கிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். அது அதிர அதிரச் சிரித்தாள். நின்றதும் முகம் வாடி, தாத்தாவிடமே நீட்டினாள்.