கழிப்பறையில் தொங்கிய பிறந்தநாள்

படகில் ஏறிப் புயலுக்குள் போவதுதான் அந்தப் பூங்காவின் புதிய சவாரி. அதற்கு முன்னால், வரிசையில் நிற்கும் ஜனங்கள் ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் வீட்டை அறை அறையாகக் கடந்து வரவேண்டும். அந்த வீட்டில் நடப்பது 1953ஆம் வருஷம். அதன் சிமென்ட் சுவரை உப்புக்காற்று தின்ற சுவராக்கியது வர்ணக்காரர் வீபேதான். நேற்று வந்த மரப்படிகளின் நடுவில், தலைமுறை தலைமுறையாகக் கால்கள் தேய்த்த பள்ளத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். முப்பத்தைந்து வருஷமாக இதே வேலை.

சமையலறையில் பட்டாணி சூப் வாசனை ஒரு குழாய் வழியாக வரும். மேசை இழுப்பறையைத் திறந்தால் ஒட்டுப்போட்ட காலுறைகள் இருக்கும். யார் இதையெல்லாம் திறக்கப்போகிறார்கள் என்று கேட்டால், வடிவமைப்புத் தலைவி மார்லூஸ், ஆயிரத்தில் ஒருவர் திறப்பார், அந்த ஒருவருக்காகத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம் என்பாள்.

கழிப்பறையையும் விட்டுவைக்கவில்லை. பாதி திறந்த கதவு, சங்கிலி தொங்கும் தண்ணீர்த் தொட்டி, பக்கத்துச் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி. அது தொங்காத கழிப்பறை நெதர்லாந்தில் ஏது? சொந்தபந்தங்களின் பெயரும் பிறந்த வருஷமும் அதில் இருக்கும். தினமும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு மறந்துபோச்சு என்று சொல்ல வாய் வராது. காவலர் குடும்பத்துப் பெயர்ப் பட்டியலை மார்லூஸ் கொடுத்திருந்தாள். வீபே மை தொட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். மார்ச் வந்ததும் கை தானாகப் பதினான்காம் தேதிக்குப் போய், பட்டியலில் இல்லாத ஒரு பெயரை எழுதிவிட்டது: ஹிஸ்கே.

ஹிஸ்கே அவருடைய மகள். அவரோடு பேசி எட்டு வருஷம் ஆகிறது.

புதுச் சவாரிகளை வசந்தத்தில்தான் திறப்பார்கள். அதனால் மார்ச் மாதத்தில் வீபேக்கு வீடு என்று ஒன்று கிடையாது. அவள் மெழுகுவர்த்தி ஊதிய நாள்களில் பாதியை அவர் ஏதோ ஒரு பொய்க் கோட்டையில் பாசி வரைந்தே கழித்தார். தாய் இறந்த பிறகு வந்த முதல் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு குகைச் சுவரில் வர்ணம் உரிந்தது. தொலைபேசியில் அவள் அழவில்லை.

"யாருமே குடியிருக்காத வீட்டுக்கெல்லாம் உயிர் குடுக்கிற. நாங்க குடியிருந்த வீட்டுல உன்னைக் காணோமேப்பா."

அவ்வளவுதான். வருஷாவருஷம் வாழ்த்து அட்டை அனுப்புகிறார். பதில் வருவதில்லை. அட்டை திரும்பி வந்ததும் இல்லை. அந்த ஒரு நூலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் மகளுக்குப் பிறந்தநாள் என்றால் அப்பாவுக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். எட்டு வருஷமாக மார்ச் பதினான்காம் தேதி அவர் கை வெறுங்கையாகவே இருந்தது.

இந்த வருஷம் அதே தேதியில்தான் சோதனை ஓட்டம் வைத்தார்கள். ஊழியர்களின் குடும்பங்கள் வருவதாக இருந்தது. காலையில் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவந்த மார்லூஸ், கழிப்பறைக்குள்ளிருந்து அவரைக் கூப்பிட்டாள்.

"வீபே, இங்க 1953 நடக்குது. இன்னும் முப்பத்தெட்டு வருஷம் கழிச்சுப் பொறக்கப்போற பொண்ணுக்கு யாரு பிறந்தநாள் எழுதினது?"

அவர் எட்டிப் பார்த்தார். 'ஹிஸ்கே, 1991.' பெயர் எழுதியது தெரியும். வருஷம் எழுதியது அவருக்கே தெரியாது. வீட்டு நாட்காட்டியில் எழுதிப் பழகிய கை.

"வருஷத்தைச் சுரண்டிடறேன். பேரு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே," என்றார்.

மார்லூஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். தாள் கிழியாமல் அந்த நாலு எண்களைச் சுரண்டி எடுப்பதற்குள் வீபேக்கு வியர்த்துவிட்டது.

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. வரிசையில் நின்ற ஒரு பருத்த அம்மாள் கழிப்பறைக்குள் தலையை நீட்டிவிட்டு, இன்றைக்கு இந்த வீட்டில் ஹிஸ்கேவுக்குப் பிறந்தநாளாம் என்று எல்லோருக்கும் அறிவித்தாள். சிரித்தார்கள். பிறகு, பிறந்தநாள் வீட்டுக்குள் நுழைந்தவர்களைப் போலவே ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்தத் தொடங்கினார்கள். மூலையில் வர்ண வாளியோடு நின்றவரையும் அந்த அம்மாள் விடவில்லை.

"நீங்கதான் வீட்டுக்காரரா? உங்க பொண்ணுக்காக வாழ்த்துகள்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அவள் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. வீபே அந்தக் கையைச் சட்டென்று விட்டுவிடவில்லை.

சற்றைக்கெல்லாம் மார்லூஸ் ஓடிவந்தாள். மேலே விளக்கறைச் சுவரில் வர்ணம் கொப்பளித்துவிட்டதாம். வீபே தூரிகையை வாளியில் போட்டார்.

"வேற யாரையாவது பூசச் சொல்லு. எங்க வீட்டுல இன்னிக்குப் பிறந்தநாள்."

மார்லூஸ் நாட்காட்டி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "கையைக் கழுவிட்டுப் போங்க," என்றாள்.

மகள் இருக்கும் குரோனிங்கனுக்கு மூன்று மணிநேர ரயில். எட்டு அட்டைகளில் எழுதிய விலாசம் மனப்பாடம். திரை போடாத ஜன்னல் வழியாக, பத்துப் பேர் மடியில் காபித் தட்டோடு வட்டமாக உட்கார்ந்திருப்பது தெருவிலிருந்தே தெரிந்தது. மணியை அடிக்க அவர் விரல் இரண்டு தடவை போய்த் திரும்பியது.

ஹிஸ்கே கதவைத் திறந்தாள். அம்மாவின் நெற்றி. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் வர்ணத்தைப் பார்த்தாள்.

"கேக்கை எண்ணி வெட்டியாச்சு," என்றாள். பிறகு கதவை அகலத் திறந்து, "என்னுதுல பாதி தரேன். வா."

வட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். உங்கள் மகளுக்காக வாழ்த்துகள், உங்கள் மகளுக்காக வாழ்த்துகள் என்றார்கள். நாலாவது கையோடு அவரால் முடியவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார்.

சுவரில் நாட்காட்டி. மார்ச் பக்கம். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அக்டோபருக்குப் போனார். ஒன்பதாம் தேதியில், 'அப்பா, 1958.' மை வெளுத்திருந்தது. வெளுத்தது தானாக வெளுத்ததா, யாராவது வெளுக்க வைத்ததா என்பது அவருக்குத் தெரியாதா? ஏழெட்டு வருஷத்து வெளுப்பு. பேசாமல் இருந்த வருஷமெல்லாம் அவர் பிறந்தநாள் இந்தச் சுவரிலேயே தொங்கியிருக்கிறது. தாளை மெல்ல மார்ச்சுக்கே திருப்பி வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது.

"அப்பா, உள்ள என்ன, சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிக்கிட்டு இருக்கியா?"