ரோவருக்குப் பத்தியம்

பாலகிருஷ்ணன் வேப்பிலை வெந்நீரை ஊற்ற ஊற்ற, ரோவர் வாளியைச் சுற்றி நழுவிக்கொண்டிருந்தது. வயிற்றில் மயிர் உதிர்ந்து தோல் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. காதில் சீழ், விரலிடுக்கில் புண். சொறிந்து சொறிந்து நாய் களைத்திருந்தது. அதன் கழிச்சலைக் கழுவிக் கழுவி அவனும் களைத்திருந்தான்.

டாங்லின் பங்களாவில் அவனுக்கு வேலையே அந்த நாய்தான். மலாக்கா போயிருக்கும் துரை பங்குனியில் திரும்புவதற்குள் நாய் தேறாவிட்டால், பெண்டாட்டி அன்னம்மாவோடு பின்கட்டு அறையைக் காலி செய்யவேண்டும் என்று துரைசானி மலாய் மொழியில் சொல்லிவிட்டாள். சீமைக் களிம்பு தினமும் தடவியாயிற்று. அன்னம்மா தன் பங்குக்குச் சிராங்கூன் சாலைக் காளியம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை நேர்ந்துகொண்டாள். நாய்க்காக நேர்ந்துகொண்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கவேண்டும்.

சீனப் புத்தாண்டு வந்தது. ஹைனான் சமையல்காரர் கொண்டாடப் போய்விட்டார். அவர் நாய்க்குத் தினமும் வேகவைக்கும் மாட்டுக்கறி அன்னம்மாவின் அடுப்புக்கு வந்தது. பொட்டலத்தைப் பிரித்தவள் பின்னால் நகர்ந்தாள்.

"என் சட்டியில மாடு ஏறாது. வேலை போனாலும் ஏறாது."

"அப்ப நாய் என்னத்தத் திங்கும்?"

"நாம திங்கிறதத் திங்கட்டும். அது என்ன, நம்மளவிட ஒசத்தியா?"

பாலகிருஷ்ணன் பொட்டலத்தை லாயத்துக்கு எடுத்துப்போனான். அங்கே குதிரை பார்க்கும் யாக்கூப் பாய் தனியாகப் பொங்கித் தின்பவர். கறியைப் பார்த்ததும் அவர் முகம் பெருநாள் பிறையைக் கண்டதுபோல் மலர்ந்தது.

"நம்ம கறிக்கடை காதர் மைதீன் அறுத்ததுதானே? குடுலா, தம்பி! பதிலுக்கு நான் மீன் தரேன்."

அன்று முதல் ரோவருக்கு அன்னம்மாவின் குழைந்த சோறும் பூசணியும் வெந்த மீனும். கறி வந்ததும் நேரே பாயின் சட்டிக்குப் போனது. திரும்பி வந்த சமையல்காரர், நாய்ச் சமையல் தன்னை விட்டுத் தொலைந்த சந்தோஷத்தில் கேள்வியே கேட்கவில்லை.

ஒரு காலை பாலகிருஷ்ணன் புல்தரையிலிருந்து கத்தினான்.

"அன்னம்மா! கெட்டியாப் போயிருக்குடி!"

"அதையும் வந்து பாக்கணுமா?"

வந்து பார்த்தாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போகப்போகச் சொறி அடங்கியது, வயிற்றில் பூனைமயிர் முளைத்தது. ஒருநாள் ரோவர் பாயின் கறிச்சட்டியைக் களவாக நக்கியது. மறுநாளே மறுபடி சொறிந்தது. காளியம்மன் குணமாக்கினாள் என்றாள் அன்னம்மா. மீன் என்றார் பாய். மாட்டுக்கறிதான் ஆகவில்லை என்று பாலகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. வெளியே சொன்னால் இத்தனை நாள் கறி எங்கே போனது என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டான்.

துரை வண்டியிலிருந்து இறங்கியதும் ரோவர் பாய்ந்து அவரைப் புல்லில் தள்ளியது. துரை படுத்தபடியே சிரித்தார். சீமைக் களிம்பை அனுப்பிய கடைக்கு நன்றி எழுதப்போவதாகத் துரைசானி சொன்னாள். பின்கட்டு அறை தப்பியது. அன்னம்மா அன்றைக்கே எலுமிச்சம்பழம் வாங்கப் போனாள்.

குணமான நாயைச் சீமையிலுள்ள உறவினர்களுக்குக் காட்டப் படக்காரரை வரவழைத்தார்கள். துரைக்கும் துரைசானிக்கும் நடுவே பிரம்பு நாற்காலியில் ரோவரை உட்காரவைத்தால், அது பாலகிருஷ்ணனைத் தேடிக் குதித்து ஓடியது. கடைசியில் அவனையே நாற்காலிக்குப் பின்னால் குப்புறப் படுக்கவைத்து, பிரம்பு இடுக்கின் வழியே நாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சமையலறை வாசலில் அன்னம்மாவும் பாயும் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தார்கள்.

படம் இரண்டு பிரதியாக வந்தது, சீமைக்கு ஒன்று, கூடத்தில் மாட்ட ஒன்று. மாட்டுவதற்கு முன்னால் பாலகிருஷ்ணன் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான். கீழோரத்தில், நாயின் தொடைமேல் நான்கு கறுத்த விரல்கள் தெரிந்தன.

"உங்க கைங்க! சீமைக்கே போவுது பாருங்க!" அன்னம்மா பூரித்துப்போனாள்.

கூடத்தில் துரைசானி தங்கமுலாம் சட்டத்தோடு காத்திருந்தாள். படத்தைச் சட்டத்துக்குள் வைத்து, கீழ்ப்பக்கம் கொஞ்சம் இறக்கி, விரல்கள் மறைந்ததும் ஆணியையும் சுத்தியலையும் அவனிடம் நீட்டினாள். பாலகிருஷ்ணன் முக்காலிமேல் ஏறி, படம் சாய்ந்துவிடாமல் நேராக அடித்தான்.