கையை வெளியே எடு

ராத்திரி ஷிப்ட் முடிந்து சங்கு ஊதி அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஐஸ் கிடங்கின் கதவை விட்டு, விளம்பரப் படம் வரைகிற படக்காரர் நகரவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, விறைத்த கைகளை ஊதிக்கொண்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். நெட்டையைக் காணோம். முந்தின நாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை.

"நெட்டையா? அப்படி யாரும் இங்க வேலை பாக்கல," என்றார் மேஸ்திரி.

"பதினோரு வருஷமா இங்க ஐஸ் பாளம் தூக்கறான்யா!"

"பதிவேட்டுல பேரு இல்ல. அப்போ ஆளும் இல்ல. காலங்காத்தால உயிர வாங்காதீங்க."

உள்ளேயிருந்து வந்த அமோனியா நெடி மூக்கைப் பிய்த்தது. கடைசியாக வெளியே வந்த ஒரு தொழிலாளி, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். "நேத்து கேஸ் குழாய் வெடிச்சிருச்சு. ஒருத்தர வண்டில போட்டுக்கிட்டுப் போனாங்க. பெரிய ஆஸ்பத்திரில பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

படக்காரர் வீட்டுக்கு ஓடி ஒரு படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். சட்டைக் கம்பெனிக்காக அவர் வரைந்த விளம்பரம். வெள்ளைச் சட்டை, அகன்ற தோள், அடர்ந்த முடி, வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள். ஊரெல்லாம் ஒட்டிக் கிடந்த அந்த முகம் நெட்டையின் முகம். இருபது வருஷமாக அவனை ஜன்னலோரம் உட்காரவைத்துத்தான் அவர் வரைந்தார். வீட்டுக்காரரிடம் சித்தப்பா மகன் என்று சொல்லி அறை பிடித்தார்கள். ஒரே பாயில் படுத்து எழுந்தார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளவே இல்லை. ஸ்டுடியோவில் போய் யாருக்கு யார் என்று சொல்லி நிற்பது? "தினம் வரையறீல்ல, போட்டோ வேற எதுக்கு?" என்று நெட்டையும் சிரிப்பான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாசலிலேயே மறித்தார். "நீங்க அவருக்கு என்ன உறவு?"

இங்கே சித்தப்பா மகன் என்று எழுதிக்கொடுத்தால் அத்தாட்சி கேட்பார்கள். "தெரிஞ்சவர்," என்றார் படக்காரர்.

"சொந்தக்காரங்கள மட்டும்தான் உள்ள விடுவோம். பேரு தெரியாத கேஸ் ஒண்ணு இருக்கு. படம் இருந்தாக் குடுங்க, நான் பாத்துட்டு வரேன்."

நல்ல மனுஷி. படத்தை வாங்கிக்கொண்டு போய், நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இது அவரு இல்ல சார். உள்ள இருக்கறது வயசான ஆளு."

அப்பாடா என்றிருந்தது படக்காரருக்கு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி. குழாய் வெடித்ததில் பயந்துபோய் எங்கேயாவது ஓடியிருப்பான், தொடைநடுங்கிப் பயல், வரட்டும், நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கினார்.

படத்தை விரித்து விரித்துக் காட்டினார். பார்த்தவர்கள் எல்லோருமே தெரியும் என்றார்கள். அதுதான் அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"இவரா? நல்லாத் தெரியுமே. பஸ் நிலையத்துல நின்னுட்டிருப்பாரே," என்றாள் பூ விற்கிறவள். ஓடினார். பஸ் நிலையத்துச் சுவரில் நெட்டை வெள்ளைச் சட்டையோடு நின்றான்.

"பாலத்துக்கு அடியில பாத்தேன் சார், இப்பக்கூட இருப்பாரு," என்றார் சைக்கிள் கடைக்காரர். பாலத்துக்கு அடியில் வரிசையாக ஆறு நெட்டைகள். மழையில் ஒன்றின் வாய் மட்டும் கிழிந்து தொங்கியது. அடுத்த நாளும் அதே கதை. ஒரு பள்ளிக்கூடப் பெண் கொஞ்சமும் தயங்காமல் கை காட்டினாள். காட்டிய திசையில் அவன் இருந்தான். எங்கே போனாலும் அவருக்கு முன்னாலேயே போய், சிரித்துக்கொண்டு, காத்துக்கொண்டு இருந்தான். இத்தனை முகமும் தன் கையால் வந்தது என்பதே படக்காரருக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை ரயில்வே கேட் அருகே இருந்த பெரிய விளம்பரத் தட்டி முன்னால் நின்றுவிட்டார். அங்கே நெட்டை மூன்று ஆள் உயரம். கண் அவரையே பார்த்தது.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று வாய்விட்டே கேட்டார். "பேசேன்டா. என்னத்த ஒளிச்சு வச்சிருக்க? கைய வெளிய எடு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்தக் கையில் இரண்டு விரல் கிடையாது. ஐஸ் அறுக்கும் ரம்பம் கொண்டுபோய் ஒன்பது வருஷமாகிறது. அதனால்தான் பாக்கெட்டுக்குள் போட்டு வரைந்தார். கம்பெனிக்காரர்கள் அதையே ஸ்டைல் என்று கொண்டாடினார்கள். மண்டையில் முடி போய்விட்டது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. குளிரில் வெடித்து வெடித்துக் கன்னமெல்லாம் தோல் தடித்து, ஐம்பது வயசிலேயே கிழவனாகியிருந்தான். எதையும் மறைக்க வேண்டும் என்று படக்காரர் மறைக்கவில்லை. ஜன்னலோரம் அவன் வந்து உட்கார்ந்தால் அவருக்கு முதல் நாள் பார்த்தவன்தான் தெரிந்தான். ஆசை வைத்த கண்ணுக்கு வேறு தெரியவில்லை. அதைத்தான் வரைந்தார். அதைத்தான் ஆஸ்பத்திரியில் நீட்டினார்.

வழியெல்லாம் சுவரில் இருந்தவனை ஏறிட்டுப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"வலது கையில ரெண்டு விரல் இருக்காதும்மா," என்றார் மூச்சு வாங்க. "மேல் பல்லு ஒண்ணு பாதிதான். வழுக்கை. இடது காதுகிட்ட ஒரு மரு."

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க," என்றார்.

"இருக்காரா?"

"நேத்து சாயந்திரம் போயிட்டாரு சார். அதுவரைக்கும் நினைவு இருந்துச்சு, தொண்டை வெந்து பேச்சு மட்டும் வரல. கண்ணுல கட்டு. யாராவது நடந்து வந்தா வாசல் பக்கமே தலையத் திருப்புவாரு." நர்ஸ் அவர் கையில் சுருண்டிருந்த படத்தைப் பார்த்தார். "அன்னிக்கே வாயால சொல்லியிருக்கக் கூடாதா?"

படக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பாக்கணும்."

"ராத்திரியே சொந்தக்காரங்க வந்து வாங்கிட்டாங்க. எரிச்சாச்சு."

"சொந்தக்காரங்களா? அவனுக்கு நாந்தாம்மா. இருபது வருஷமா நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தோம். அவனுக்கு வேற ஒருத்தரும் இல்ல." யாரிடமும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸ் பதிவேட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். மை காய்ந்திருந்தது. உறவு: அண்ணன். கீழே ஐஸ் கிடங்கு மேஸ்திரியின் கையெழுத்து. அதற்கு மேல், இறந்தவர் தொழில் என்ற கட்டத்தில், அதே கையால் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது.