பன்னிரண்டாவது தலைவலி

சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு ஆட்டம் முடிந்தது. திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு அப்பா இறந்தார். நாற்பத்தொரு மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலை, அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். அதேதான் வந்தது.

அந்த ஆட்டம் அவளுக்கும் அப்பாவுக்கும் நடந்தது. அன்று அம்மாவுக்கு மருந்துக் கடையில் மாலை முறை. அண்ணன் வெள்ளிக்கிழமையே வெளியூர்ப் போட்டிக்குப் போய்விட்டான்; நேற்று பாதியில் கூப்பிட்டதும் திரும்பி வந்தான். சதுரங்கப் பலகை ஆட்டம் முடிந்த நிலையிலேயே கூடத்து மேசையில் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் காய்களுக்குப் பக்கத்தில் தம்ளரை வைத்தார்கள். எதையும் தட்டிவிடவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். திங்கட்கிழமை காலை ஏதோ ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில், மோட்டார் அறையில், கையில் ஸ்பேனரோடு விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

"ரெண்டு நாளா ஏதாவது சொன்னாரா? தலைவலி, தலைசுத்தல்?"

"ஒண்ணும் சொல்லலயே டாக்டர்," என்றாள் அம்மா. "பகல் முழுக்க தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்கறவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே."

டாக்டர் அவளையும் பார்த்தார். அவள் சுவரில் இருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் தலைவலிக்கு வேறு அர்த்தம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில், பயிற்சி வகுப்பில் முதன்முதலாக ஒரு பையனை ஜெயித்தபோது, அந்தப் பையனின் அப்பா வந்து, "காலையிலேர்ந்து அவனுக்குத் தலைவலி" என்றார். அடுத்த வாரம் தோற்றவனுக்கும் தலைவலி. அப்பா ஒரு நோட்டு வாங்கிவந்தார். தோற்றவன் பெயர் இடப்பக்கம், சொன்ன காரணம் வலப்பக்கம். நான்கு வருடத்தில் இருபத்து மூன்று வரிகள். காய்ச்சல் நான்கு. தூக்கமில்லை ஆறு. செருப்பு கடித்தது ஒன்று. தலைவலி பதினொன்று. மீதி ஒன்று, அவளிடம் தோற்ற கோச் சொன்னது: 'கண்ணாடி மாத்தணும்.'

"என் பொண்ணு இதுவரைக்கும் நல்லா இருக்கற ஒரு ஆம்பளையைக்கூட ஜெயிச்சதில்ல, பாவம்," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டுவார்.

பிறகு வீட்டில் யார் தலைவலி என்றாலும் மற்றவர்கள் ஒரே குரலில், "யார்கிட்ட தோத்த?" என்பார்கள். ஒருநாள் அம்மா நிஜமான வலியோடு கடையிலிருந்து வந்தபோதும் அப்படித்தான் கேட்டார்கள். "உங்க மூணு பேர்கிட்டயும்தான்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இருபத்து நான்காவது வரியை அவள் எழுதியிருந்தாள். அந்த நோட்டு இப்போது அவளுடைய துணிகளுக்கு அடியில் இருந்தது.

ஒன்பதரை மணிக்குக் கோச் வந்தார். கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கேக்கக் கூடாத நேரம்தான் மேடம். மாநிலப் போட்டிக்குப் பேர் கொடுக்க இன்னைக்கு மதியம் கடைசி. இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து. பையன் பொதுப் பிரிவு. பாப்பா எப்பவும்போல பெண்கள் பிரிவு."

"அவர் என்ன சொல்லி வச்சிருந்தாரு?"

"சார் இன்னும் முடிவு பண்ணலன்னு சொன்னாரு. என் யோசனை இதான். பொதுப் பிரிவுல பசங்களோட போனா பாப்பா பத்தாவதோ பதினஞ்சாவதோ வரும். பெண்கள் பிரிவுல முதல் பரிசு கையில இருக்கு. புலிக்கு வாலா இருக்கறதைவிட எலிக்குத் தலையா இருக்கலாமில்ல?"

"அவ எலி இல்ல சார்," என்றான் அண்ணன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. பதினைந்து வயது, பத்திரிகைகள் அவனை மேதை என்று எழுதின. அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார். 'மேதை, குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வா.'

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

டாக்டர் கேட்ட அதே கேள்வி.

சொல்லியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். என்னை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டு, பொதுப் பிரிவுல பேர் கொடுக்கறேன். அதன்பிறகு அறுபத்திரண்டு தோல்வி, ஒன்பது டிரா. அதைச் சொன்னால் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமையைச் சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேம்மா," என்றாள்.

கோச் ஃபாரத்தை மடித்துக்கொண்டார். "நான் கீழ நிக்கறேன். சாரைக் கொண்டுவர ஆஸ்பத்திரிக்குப் போற கார் வந்துடுச்சான்னு பாக்கறேன்."

அவர் போனதும் அண்ணன் மேசையருகே போய் நின்றான். பலகைக்கு அடியிலிருந்து ஸ்கோர் ஷீட்டை உருவினான்.

"அப்பா வெள்ளையா?"

"ம்."

அவன் காய்களை ஆரம்ப இடத்தில் அடுக்கினான். தாளைப் பார்த்து ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிக்கொண்டே வந்தான். முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"முப்பத்தொண்ணுல எதுக்குடி குதிரையைப் பின்னாடி கொண்டு போன? நான் முன்னாடிதான் போயிருப்பேன்."

"முன்னாடி போனா டிரா."

அவன் முன்னால் வைத்துப் பார்த்தான். யானையை நகர்த்தினான், ராஜாவை நகர்த்தினான், எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தான்.

"ஆமா. டிரா."

அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த மூன்று நாளில் அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. அதில் அப்பாவின் தப்பு ஒன்று இருந்தால் அது வலியால் வந்த தப்பு. அப்படியென்றால் அவள் ஜெயித்ததில் ஒன்றுமில்லை. தோற்ற பையன்களின் அப்பாக்கள் சொன்னதெல்லாம் சரிதான்.

"அப்பா எங்க தப்பு விட்டாரு?" என்றாள், ஒயரைப் பார்த்தபடி.

"விடல."

"சரியாப் பாரு."

"ரெண்டு தடவ பாத்துட்டேன். ராணியை மாத்திக்கிட்டது சரி. சிப்பாயை விட்டுக் கொடுத்தது சரி. நானா இருந்தாலும் அதைத்தான் ஆடியிருப்பேன்." அவன் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தான். பிறகு எடுத்து அவளிடம் நீட்டினான். "என்னோட ஆடுறப்பகூட இவ்வளவு நல்லா ஆடினதில்ல. மனுஷன் நல்லாத்தான் தோத்திருக்காரு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

பத்தேகாலுக்குக் கீழிருந்து கார் ஹாரன் கேட்டது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அது அப்பா செய்வது.

லிஃப்ட் வந்தது. இந்தக் கட்டடத்து லிஃப்ட்டையும் அப்பாதான் பார்த்துக்கொண்டார். மற்ற இடங்களில் கதவு நான்கு வினாடி திறந்திருக்கும். இங்கே ஏழு வைத்திருந்தார். மேல்மாடிக்காரர்கள் குறை சொன்னபோது, "என் வீட்டுல இருக்கறவங்க ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கே யோசிக்கற ஜாதி சார்," என்றார்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். அண்ணன் பொத்தானை அழுத்தினான்.

"ஒரு வார்த்தை சொல்லல பாரு," என்றாள் அம்மா, கதவைப் பார்த்து. நேற்றிலிருந்து எத்தனையாவது முறையோ. "கூட இருக்கறவளுக்குக்கூட ஒரு வார்த்தை."

மூன்றாவது மாடி.

"சொன்னாரும்மா."

அண்ணன் திரும்பினான். அம்மா திரும்பவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம். ஆட்டம் முடிஞ்சதும் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு, தலை வலிக்குதுடின்னு சொன்னாரு. நான் சிரிச்சேன். நோட்டை எடுத்துட்டு வந்து அவர் எதிர்லயே எழுதினேன்." அவள் மாறும் மாடி எண்களைப் பார்த்தபடி சொன்னாள். "அவரும் சிரிச்சாரு. அதனால நான் நம்பல."

இரண்டாவது மாடி. முதல் மாடி. மேலே எங்கோ கம்பி வடம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். எதையும் எடுக்காமல் மூடினாள். பிறகு, அந்த வீட்டில் எல்லோரும் எப்போதும் கேட்கும் கேள்வியை, பதில் தெரியாத ஒருத்தி கேட்பதுபோலக் கேட்டாள்.

"யார்கிட்ட தோத்தாரு?"

"என்கிட்டம்மா," என்றாள். "முப்பத்தெட்டு நகர்த்தல்ல."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. கோச் கையில் ஃபாரத்தோடு நின்றிருந்தார். யாரும் அடியெடுத்து வைக்கவில்லை. ஏழு வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, கதவு மெல்ல மூடிக்கொண்டது.