கத்தரிக்கோல் தட்டும் ஓசை

சஃபி துறைமுகத்து மீன் டப்பா கம்பெனியில் அன்று மத்தி குவிந்து கிடந்தது. நீளமான இரும்பு மேசையை ஒட்டிப் பெண்கள் தோளோடு தோள் உரச நின்று, கத்தரிக்கோலால் தலையை வெட்டி, குடலை உருவி, டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. மேஸ்திரி ஜிலாலி மேற்பார்வைக்கு நடக்கிற சந்து அது. கொஞ்சம் ஒதுங்கி நடந்தால் யார்மேலும் படாமல் போகலாம். அவன் ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

அதற்காகப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவன் சந்துக்குள் நுழைந்ததும், முதல் ஆளாக நிற்கும் மைமூனா கத்தரிக்கோலால் மேசையை இருமுறை தட்டுவாள். அடுத்தவள் தட்டுவாள், அதற்கடுத்தவளும் தட்டுவாள். எல்லோரும் மேசையோடு ஒட்டிக்கொள்வார்கள். கௌரவமாக வேலை செய்ய வந்தவர்கள் ஒளிந்து பிழைத்தார்கள். அதையே சாமர்த்தியம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

மேசையின் கடைசியில், குளிர் அறைக் கதவருகே, ராக்கியாவின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே நிற்க யாருக்கும் மனம் வரவில்லை.

போன பருவத்தில் ஒருநாள் ஜிலாலி மைமூனாவிடம் வந்து, "உன் கத்தரிக்கோல் ரொம்பப் பேசுதாமே? மீன் இல்லாத மாசத்துல யாருக்கு வேலைன்னு நான்தான் சொல்லணும், ஞாபகம் வச்சுக்க" என்று பல்லைக் காட்டினான். அன்று அவன் சந்துக்குள் நுழைந்தபோது மைமூனாவின் கை எழவில்லை. குனிந்து வேலை செய்துகொண்டிருந்த ராக்கியாவைக் கதவோடு நெருக்கிவிட்டான். அவள் அலறியது இயந்திரச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் கேட்டது. மறுநாள் முதல் அவள் வரவில்லை. "அவ சிரிச்சுப் பேசியிருப்பா" என்று ஊர் பேசியது.

அன்றோடு மைமூனாவின் நிம்மதி போயிற்று. தேநீருக்காகப் புருஷன் சர்க்கரைக் கட்டியைச் சுத்தியலால் உடைத்தால்கூட அவளுக்கு முதுகு விறைத்தது. கம்பெனியில், ஆளில்லாத அந்த இடத்திலிருந்து 'டக் டக்' என்று கேட்கும். நிமிர்ந்து பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள்.

மத்தி குவிந்த இந்த நாளில் புதிதாக வேலைக்கு வந்த வியாம் என்ற பெண் நேராக அந்த இடத்தில் போய் நின்றாள். மைமூனா ஓடிப்போய் வழக்கத்தைச் சொன்னாள்.

"ரெண்டு தட்டு கேட்டா மேசையோட ஒட்டிக்க. திரும்பிப் பாக்காத."

"நல்லாருக்கு லல்லா! தப்புப் பண்றவன் நெஞ்சை நிமித்திட்டு நடப்பான், நாம ஒட்டிக்கணுமா? மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?" மூத்தவளை 'லல்லா' என்று மரியாதையாக அழைத்தே வியாம் கேட்டாள்.

"சொன்னா வேலை போயிடும்டி."

"சரி, இங்க முன்னாடி நின்னவளுக்கு வேலை இருக்கா?"

மைமூனா தன் இடத்துக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் ஜிலாலி சந்துக்குள் நுழைந்தான். புதுமுகத்தைப் பார்த்ததும் நேரே கடைசிக்கு நடந்தான்.

மைமூனா இருமுறை தட்டினாள். நிறுத்தவில்லை. ஓங்கி ஓங்கித் தட்டினாள். பக்கத்தில் நின்றவள் மிரண்டு பார்த்தாள். பிறகு அவளும் தட்டினாள். மேசை முழுவதும் அதிர்ந்தது. இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று கத்திய ஜிலாலியின் குரல் உடைந்தது.

மாடியிலிருந்து மேனேஜர் இறங்கி வந்தார். "என்ன சத்தம் இது? மீன் கெட்டுப்போகும்!"

"கெடட்டும் ஐயா. இந்தாளு எங்க மேல கை போட வர்றான்னு நாங்க ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிட்ட சத்தம் இது. இன்னிக்கு உங்களுக்குச் சொல்றோம். ராக்கியா தானா போகல. இவன் விரட்டினான். நான் பாத்தேன்" என்றாள் மைமூனா.

பெண்கள் கத்தரிக்கோல்களைக் கீழே வைத்தார்கள். ஜிலாலி வெளியே அனுப்பப்படும்வரை ஒருத்தியும் அவற்றைத் தொடவில்லை. விசாரணை வந்தது. அவன் வேலை போயிற்று. புகார் கேட்கப் பெண்களே இருக்கும் குழுவும் அமைந்தது.

மைமூனா ராக்கியாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ராக்கியா வாசலை விட்டு நகராமல் கேட்டாள்.

"நல்லது லல்லா. ஆனா நான் வரல. கண்ணை மூடினா அந்தக் கதவுதான் தெரியுது. அன்னிக்கு நீங்க ஒருதரம் தட்டியிருந்தா போதும்."

இப்போது புதிதாக வருகிற ஒவ்வொருத்தியிடமும் மைமூனா சொல்கிறாள்:

"ஒளிஞ்சுக்கற சைகை எதுவும் இங்க கிடையாது. எவனாவது எல்லை மீறினா அவன் பேரைச் சொல்லிக் கத்து. அடுத்தவளுக்கு நடந்தாலும் கத்து. வேலை செய்யற எடத்துல மரியாதை எல்லாருக்கும் உரிமை. பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கறவங்கதான் அவனுக்கு வழி விடறவங்க."

சொல்லி முடித்ததும் அவள் கண் மேசையின் கடைசிக்குப் போகும். அந்த ஓசை அவளுக்கு இன்னும் கேட்கிறது.