பெரியவனின் ஈரம்

வெண்டல் பார்த்துக்கொண்ட சோதனை வீட்டில் நாலு பேர் குடியிருந்தார்கள். ஒருவருக்கும் உடம்பு கிடையாது. அப்பா, அம்மா, பெரியவன், சின்னவள் என்று பெயர் வைத்த நாலு ஆவி மெஷின்கள். மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் விடுகிற ஈரத்தை அவை விடும். குளியலறைக் குழாய் நேரத்துக்குத் தானே திறந்து மூடும். அந்த ஈரத்தில் சுவர் எவ்வளவு குடிக்கும், மிச்சத்தை வெளியே தள்ள ஏ.சி. எவ்வளவு கரண்ட் தின்னும் என்பதை ஆராய்ச்சிக்காரி ஓப்பல் எழுதிய கம்ப்யூட்டர் கணக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் அது லேசான காரியமா என்ன!

மெஷின்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது வெண்டலின் வேலை. மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். சொந்த வீட்டுக் குளியலறையிலும் ஒரு சென்சாரை ஒட்டி, "டார்லீன், நீ பாடிக்கிட்டே மணிக்கணக்கா குளிக்கிறதாலதான் சுவர்ல பூஞ்சை பிடிக்குது" என்று மனைவிக்கே வரைபடம் காட்டினான். சும்மா விடுவாளா?

"போ, போய் உன் மெஷின் குடும்பத்தோடயே குப்பை கொட்டு!" என்று அவன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டாள்.

வெண்டல் மனைவி சொல்லைத் தட்டாதவன். நேரே சோதனை வீட்டுக்கே குடிவந்துவிட்டான். ஆள் கள்ளன் வேறு. பெரியவனின் மெஷினை அணைத்துவிட்டு, அந்த அறையில் தான் படுத்துக்கொண்டான். ஒருத்தன் போனான், ஒருத்தன் வந்தான், கணக்கு சரியாப் போச்சு என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான்.

ஆனால் பெரியவன் துணி துவைத்து அறைக்குள் காயப்போட்டவனில்லை. அடுப்பில் சோளக் கஞ்சியைக் கொதிக்கவிட்டுச் செய்தி கேட்டவனுமில்லை. சீக்கிரமே ஓப்பலின் கணக்கு ஒரு பக்கம் போக, வீட்டின் ஈரம் வேறு பக்கம் போயிற்று.

"போச்சுய்யா வெண்டல்," என்று ஓப்பல் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷ உழைப்பும் வீண். சுவர் ஈரம் குடிக்கிற பகுதிதான் தப்பு போல. நாளைக்கு அதை மொத்தமா தூக்கிடப் போறேன்."

வெண்டல் கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தால் வேலை போகும். வீடு ஏற்கெனவே போயிற்று. மூடிக்கொண்டால் தப்பே இல்லாத கணக்கு நாசமாகும். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏம்மா ஓப்பல்... பெரியவன் நான்தான்."

"எந்தப் பெரியவன்?"

எல்லாவற்றையும் சொன்னான். ஓப்பல் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"அப்போ என் கணக்கு தப்பில்லையா? அடத் திருட்டுப் பயலே! உக்காரு இங்க. என்னிக்குத் துவைச்ச, எப்பக் கஞ்சி காய்ச்சின, ஒண்ணு விடாம சொல்லு. ஆளை வெச்சும் சோதிச்சோம்னு மேலிடத்துல நான் சமாளிச்சுக்கறேன்."

அவன் சொல்லச் சொல்ல அவள் கணக்கில் ஏற்றினாள். திரையில் கணக்கின் கோடும் வீட்டு ஈரத்தின் கோடும் ஒட்டிக்கொண்டன, ஓர் இடம் தவிர.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குளிச்சியா?"

"குளிச்சேன்."

"இது ஒரு ஆள் குளிச்ச ஆவி இல்லையேய்யா!"

வெண்டலின் காது சிவந்தது. "டார்லீன் வந்திருந்தா. மிச்சத் துணியை மூஞ்சில வீசிட்டுப் போகத்தான் வந்தா. மழைல தொப்பலா நனைஞ்சுட்டா, அதான்..."

"பாட்டும் உண்டா?"

"பாதியில நிறுத்திட்டா," என்றான் வெண்டல். "நான்தான் கதவைத் தட்டி, இன்னும் ரெண்டு பாட்டு பாடிட்டு வான்னேன்."